சீட்டக்காவின் கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. பதினெட்டு வருஷம் ஈரத்தளத்தில் நின்று துணி அலசி, இரண்டு முழங்காலும் இனி முடியாது என்று கைவிரித்த பிறகு, சலவை முடிந்த மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டும் மேசை அவளுக்குக் கிடைத்தது. மேசை என்றால் நாற்காலியும் உண்டு. அந்த நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்தபோது அவள் கண் கலங்கியதை நான் சொன்னால் அவளே மறுப்பாள்.

சுகம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. இனிமேல் சீட்டெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், எழுத வராதவர்கள் மறுபடி ஈரத்தளத்துக்கு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"அம்மா, ரொம்ப சுலபம். முன்னாடி ஒரு வார்த்தை. பொருள் தயாரா, சரியா இருக்கா, கிழியப் போகுதான்னு அது சொல்லிடும். அப்புறம் 'டு பி'. கடைசியில அதுக்கு என்ன நடக்கணுமோ அது. 'ரெடி டு பி வாஷ்டு'ன்னா துவைக்கத் தயார். 'ஃபிட் டு பி யூஸ்டு'ன்னா உபயோகிக்கலாம். அவ்வளவுதான்."

"யாரு துவைக்கப் போறான்னு எங்க எழுதறது?"

"அது வேண்டாம்மா. இந்த வாக்கியத்துல செய்யற ஆளைச் சொல்லணும்னு அவசியமே இல்ல."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு. பாத்திரம் தானா கழுவிக்கும், துணி தானா மடிச்சுக்கும்."

சாய்வு நாற்காலியில் கிடந்த கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அதன்பிறகு அவளுக்கு அந்த வாக்கியத்தின்மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. வீட்டில் கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினாள். இஸ்திரிக்குக் கிடந்த சட்டைகளில் 'டியூ டு பி அயர்ன்டு'. குளிர்பெட்டியில் அடி தட்டிய மாவுப் பாத்திரத்தில் 'லைக்லி டு பி ஃபினிஷ்டு டுடே'. ஒருநாள் கணவரின் சாய்வு நாற்காலியில் 'அன்லைக்லி டு பி மூவ்டு' என்று ஒட்டியிருந்தாள். மகள் அர்த்தம் சொல்லிச் சிரித்தபோது, "ஆமா, நான் அசையமாட்டேன்தான். முப்பது வருஷமா இவளை விட்டு அசைஞ்சேனா?" என்றார் அவர். அந்தச் சீட்டு கடைசிவரை கிழிக்கப்படவில்லை.

ஆனால் அவளுக்கு எழுத நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல் போட்டுக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பாள். அதற்குள் மூட்டைகள் மலையாகக் குவிந்துவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீட்டிலேயே ஐம்பது சீட்டில் 'ஃபிட் டு பி யூஸ்டு' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவாள். மறுநாள் மூட்டையைத் திறந்து, உள்ளே மடிப்புக்குள் கைவிட்டு, ஈரமில்லை என்று பார்த்த பிறகே கட்டுவாள். அந்தச் சோதனையில் ஒருநாளும் அவள் ஏமாற்றியதில்லை. நீராவியில் வெந்து கிருமி செத்த துணியும் ஈரம் தங்கினால் மறுபடி கெட்டுவிடும் என்பது அவளுக்கு மனப்பாடம். எழுதுவது முன்னாடி, பார்ப்பது பின்னாடி. இதில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தபோது பாய்லர்காரர் வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தங்கமான மனுஷர். தங்கம் என்பதால் மூளை கொஞ்சம் மெதுவாக உருகும்.

"அக்கா, நேத்து நீங்க போனதுக்கு அப்புறம் ஒரு ஈடு துணி வந்துச்சு. நடுவுல ஆவி கொஞ்சம் இறங்கிருச்சு, பரவால்ல, சமாளிச்சுட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்கு ஆறு மூட்டை. உங்க சீட்டையும் நானே கட்டி லிஃப்ட்ல ஏத்திட்டேன்."

"உள்ள கைவிட்டுப் பார்த்தீங்களா?"

"எதுக்குக்கா? அதான் சரியா இருக்குன்னு நீங்களே எழுதி வெச்சிருந்தீங்களே!"

லிஃப்டில் இடமில்லாமல் அதே ஈட்டின் ஏழாவது மூட்டை ஒன்று மூலையில் நின்றது. அவிழ்த்துக் கைவிட்டாள். மேலே வெதுவெதுப்பு. நடுவில் பிசுபிசுவென்று ஈரம்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தான். மகள் வயதுதான் இருக்கும்; கெட்டவன் இல்லை, பயந்தவன். "பதறாதீங்கக்கா. மெஷின் கோளாறுன்னு மேல போன் பண்ணிடறேன். சீட்டு விஷயம் வெளிய வந்தா உங்களை ஈரத்தளத்துக்கு அனுப்பச் சொல்லிருவாங்க. மெஷின் மேல பழியைப் போட்டா யாருக்கும் பாதகமில்ல."

முழங்கால்கள் இரண்டும் அவன் சொல்வதைக் கேள் என்று கெஞ்சின. அந்த நாற்காலியை அவள் ஒருமுறை பார்த்தாள்.

"மெஷினுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சார். நீங்க போனைப் போட்டு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. நான்கு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். தியேட்டர் வாசலில் பெரிய நர்ஸ் ஆறு மூட்டைகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க, முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். பாய்லர்காரரைப் பற்றிச் சொல்ல வந்தபோது மட்டும், "அவர் என் எழுத்தை நம்பினார்" என்றாள். பெரிய நர்ஸ் கோபத்தோடு பலகையில் முதல் நோயாளியின் எண்ணுக்கு எதிரே விறுவிறுவென்று எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார். சீட்டக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'லைக்லி டு பி டிலேய்டு'.

அந்த முதல் நோயாளி தள்ளுபடுக்கையில் அங்கேயே படுத்திருந்தார். பச்சை அங்கியும் தலையில் துணித்தொப்பியுமாக, ஐம்பது வயதுப் பெண்மணி.

"என்னம்மா எழுதிட்டுப் போறாங்க?"

"உங்க ஆபரேஷன் தாமதமாகும்னு எழுதியிருக்காங்க."

"யாரால?"

இதுவரை ஆயிரம் சீட்டு எழுதியிருக்கிறாள். யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"என்னாலதாம்மா. துணி ஈரமா இருக்கு. நான் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்தப் பெண்மணி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப அதுவரைக்கும் இங்கயே உக்காருங்க. நீங்கதானே காரணம்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரமும் அந்த அம்மாவின் மருமகளைப் பற்றிய குற்றப்பத்திரிகையைக் கேட்டாள். நடுவில் இருவரும் சிரித்ததை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த டாக்டர் முறைத்துவிட்டுப் போனார். புதுத் துணி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் தண்டனை வந்தது. ஒரு மாதம் ஈரத்தளம். சீட்டு மேசைக்கு, ஆங்கிலத்தில் மடமடவென்று எழுதும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். சீட்டக்கா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். நியாயமான தண்டனைதான் என்று வீட்டில் சொன்னாள். அன்று சாயங்காலம் கணவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, தைலத்தை எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை, ஈரத்தளத்துக்குப் பெரிய நர்ஸே இறங்கி வந்தார். அவர் செருப்பு அந்தத் தண்ணீருக்குப் பழக்கமில்லாதது. வழுக்கி வழுக்கி வந்தார். பின்னால் தள்ளுவண்டியில் தியேட்டர் மூட்டைகள். எல்லாவற்றிலும் புதுப் பெண்ணின் அழகான எழுத்தில் சீட்டு இருந்தது.

"இதுல எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு," என்றான் சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்து.

"இருக்கலாம் தம்பி. ஆனா தப்பா இருந்தா மாடி ஏறி வந்து சொல்ற ஆளோட கையெழுத்து எனக்கு வேணும்."

குழாயை யாரோ மூடினார்கள். சீட்டக்கா கையைத் துடைத்தாள். போதாதென்று தோன்றி இன்னொரு காய்ந்த துணியில் விரல் விரலாகத் துடைத்தாள். முதல் மூட்டையை அவிழ்த்து மடிப்புக்குள் கைவிட்டாள். நடுவரைக்கும் போய்த் தடவினாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

பெரிய நர்ஸ் வெற்றுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். சுற்றிப் பார்த்தால் மேசை இல்லை. பாய்லர்காரர் முன்னால் வந்து திரும்பிக் குனிந்து நின்றார். அவர் முதுகில் சீட்டை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, அவள் எழுதத் தொடங்கினாள்.