குதுப் மினாரும் என் வயிற்றெரிச்சலும்

பல வருடமாக இந்த வலைப்பதிவை எழுதுகிறேன். கோட்டை, கோபுரம், கல்லறை எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. என் படம் மட்டும் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. ஆகவே பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வெயில் இதமாக இருக்கும்போதே, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹுமாயூன் கல்லறைக்கும் குதுப் மினாருக்கும் போய் ஒரு நல்ல படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சரியாக அந்த வாரம் பார்த்து மதுரையிலிருந்து சுபா வந்து இறங்கினாள். என் கணவரின் தம்பி மனைவி. என்னைவிடச் சின்னவள், அழகி, மாமியாருக்குச் செல்லம். போதுமா?

நான் குர்தா போட்டே பழகியவள். பட்டுக்குக் கொசுவம் வைக்கக் கை வராது. மயூர் விஹாரில் எங்கள் தெரு பார்லரில் முந்நூறு ரூபாய் கொடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் சுபா ஒரு சுங்குடிச் சேலையைக் கட்டி, காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிங்க் லைனில் அடுத்த நிலையமே நிஜாமுதீன். அங்கிருந்து ஹுமாயூன் கல்லறைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். டிக்கெட் தலைக்கு நாற்பது ரூபாய். போனிலேயே எடுத்தால் கொஞ்சம் குறையும். ஒன்பது மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, சிவப்புக் கல்லின் மேல் வெளிச்சமும் சாய்வாக விழும். நான் வாய்க்கால் ஓரம் நின்று போஸ் கொடுத்தேன். சுபா போனைத் தூக்கினாள்.

அவ்வளவுதான், சுற்றுலா வந்த மூன்று பஞ்சாபிப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "தீதி, ஏக் செல்ஃபி! சௌத் கி சாடி கித்னி சுந்தர் ஹை!" தென்னாட்டுச் சேலை எவ்வளவு அழகு என்று ஒரே கொஞ்சல். இவளுக்கு 'அச்சா' தவிர ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த ஒரே அச்சாவை வைத்துக்கொண்டு மூவரையும் மயக்கிவிட்டாள். ஒருத்தி என் பக்கம் திரும்பியதும், எனக்கும் அழைப்பு வருகிறது என்று முந்தானையைச் சரிசெய்தேன்.

"ஆன்ட்டி, ஆப் குஜராத் ஸே ஹை நா? ஸரா ஃபோட்டோ கீஞ்ச் தீஜியே" என்று போனை நீட்டினாள்.

நான் குஜராத்துக்காரியாம், ஆன்ட்டியாம், படம் வேறு எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்! எடுத்தேன். ஒருத்தியின் தலையை வெட்டித்தான் எடுத்தேன்.

"ஏன்டி, நான் எங்கேருந்துடி குஜராத்தி?"

"முந்தானை வலது தோள் வழியா முன்னாடி தொங்குதுல்லக்கா, அவங்கதான் அப்படிக் கட்டுவாங்க. காலையிலயே பார்த்தேன்."

"பார்த்துட்டு வாயைத் திறக்க மாட்டியா?"

"டெல்லி ஸ்டைல்னு வேணும்னே கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்க்கா. சொன்னா கோவிச்சுக்குவீங்க."

குதுப் மினாருக்கு ஆட்டோவில் முக்கால் மணி நேரம். "பையா, மீட்டர் ஸே சலோ" என்று டிரைவரை மீட்டர் போட வைத்துவிட்டு, வழி முழுக்க என் முந்தானையை முறைத்துக்கொண்டே வந்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். பன்னிரண்டு வருடமாக டெல்லியில் இருப்பவள் நான், கொண்டாட்டம் நேற்று வந்தவளுக்கு.

குதுப்பில் நுழைந்ததும் சுபா என்னைப் பெண்கள் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊக்குகளைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். "மூச்சை இழுங்கக்கா." ஐந்தே நிமிடத்தில் முந்தானை இடது தோளுக்குப் போய்விட்டது, கொசுவம் கத்தி மாதிரி நின்றது. அந்தக் கை வேகத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? வெளியே வந்து மினாருக்கு முன்னால் நிறுத்தி, ஒரே கிளிக். பதிவின் மேலே இருப்பது அந்தப் படம்தான்.

போகிறவர்களுக்கு: இரண்டு இடத்திலும் நடை அதிகம், பருத்தியே கட்டுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். பார்லரை நம்பினால் முந்தானை எந்தத் தோளில் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் ஓரகத்தியைக் கூட்டிப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பதில் மாமியாரிடமிருந்து வந்தது: "சேலைக்கட்டு அம்சமா இருக்கே, சுபா கட்டிவிட்டாளா?"

ஆமாம், கட்டிவிட்டது அவள்தான். நிற்கிறது நான், அத்தை!