தூக்கக் கூடாத கை

என் கணவரின் இடது கையை ஒரு கையாக நினைப்பதையே நாங்கள் விட்டிருந்தோம். மணிக்கட்டுக்கு மேலே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வாரம் இரண்டு முறை அந்த இடத்தில்தான் ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திருப்புவார்கள். டயாலிசிஸ் அதை நம்பித்தான் நடந்தது. அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தட்டுப்பட்டால் கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று வயது முடியாத எங்கள் மகள் அங்கே காதை வைத்துக் கேட்பாள். "வண்டு கத்துது" என்பாள். நான் காலை, மாலை என்று நிறுத்திக்கொள்ளவில்லை. அடுப்பிலிருந்து வந்து தொடுவேன், துணி காயப்போட்டுவிட்டு வந்து தொடுவேன். சந்தேகம் என் பிறவிக் குணம். சிலிண்டரை மூடினேனா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பி ஏறுகிறவள் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வண்டு கத்தினால் என் மனம் அடங்கிவிடும்.

2007ஆம் ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எனக்கு எல்லா எண்களும் மனப்பாடம். கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. அதைத்தான் சொன்னேன்.

"நீங்க பாக்குறதெல்லாம் கிட்னி நம்பர்மா. நான் பாக்குறது வேற" என்றார். சி.ஆர்.பி. என்று ஒன்றைக் காட்டினார். உடம்பில் அழற்சி இருந்தால் அது கூடுமாம். "சளி, காய்ச்சல், புண்ணு எதுவும் இல்ல. ஆனா போன தடவையும் அதிகம், இந்தத் தடவையும் அதிகம். ஆல்புமின்ங்கற புரதமும் கொறைஞ்சிருக்கு. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு இப்பிடி இருந்தா ரத்தக்குழாய் விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். இதயம், மூளை."

"மூளையா?"

"பக்கவாதம் வர வாய்ப்பு மத்தவங்களவிட இவங்களுக்கு அதிகம்மா."

சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. எப்போது வரும் என்று கேட்டேன். அந்தக் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமானது என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"வீடு எங்க, உப்பளம் ஏரியாவா? அப்ப துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறதப் பாத்திருப்பீங்க. ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துனா கடல்ல எங்கயோ ஏதோ இருக்குன்னு அர்த்தம். இங்கதான் கரையைக் கடக்கும்னு அர்த்தமில்ல. இந்த நம்பரும் அவ்வளவுதான்."

பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார். உப்பை இன்னும் குறைக்கச் சொன்னார். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா, இந்த மூன்றையும் கவனியுங்கள், ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடி வாருங்கள் என்றார்.

மறுநாள் காலையிலிருந்தே ஆரம்பித்தேன். "ஏங்க, சிரிங்க." சிரிப்பார். "ஏதாவது பேசுங்க." "பொண்டாட்டி தொல்ல தாங்கல" என்பார். "கையத் தூக்குங்க." வலது கையை மட்டும் போலீஸ்காரர் மாதிரி உயர்த்துவார்.

"இன்னொண்ணு?"

"அந்தக் கை ரெஸ்ட்ல இருக்குது. நீதான சட்டம் போட்ட?"

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. அந்தக் கையைப் பற்றி எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. வண்டு கத்தியது.

மழை தொடங்கிய பிறகு ஒரு புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தோம். டயாலிசிஸ் நாள்களில் அவர் துவைத்துப் பிழிந்த துணிபோல இருப்பார், அது வழக்கம்தான். நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி போட்ட இடது கையைத் தலையணைமேல் வைத்தேன். சட்டையை நான்தான் கழற்றினேன். கஞ்சியை நான்தான் ஊட்டினேன்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். இவருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வைத்திக்குப்பத்தில் வாங்கிய சங்கரா மீனைப் பையோடு என் கையில் கொடுத்தார்.

"கொழம்பு வைக்காத, வறுத்துக் குடு."

"உப்பு சேராது அண்ணி."

"ஒரு துண்டு தின்னா செத்தா போயிடுவான்? டேய், உன்ன பத்தியம் போட்டே கொல்லப் போறாடா இவ."

என் கணவர் சிரித்தார். நான் அவர் வாயைத்தான் பார்த்தேன். கோணவில்லை. "உனக்கு வறுத்துக் குடுக்கச் சொல்லுக்கா, நான் வாசம் புடிச்சிக்கிறேன்" என்றார். குழறவில்லை. போகிறபோக்கில் இடது கையைத் தொட்டேன். அதிர்வு நன்றாக இருந்தது. நிம்மதியாக மீனைக் கழுவப் போனேன்.

மகள் தூங்கி எழுந்து வந்து தலையணை அருகே நின்றாள். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அவருடைய இடது உள்ளங்கையில் அவள் ஒரு விரலை வைப்பாள். அவர் லேசாக மூடிக்கொள்வார், அவள் உருவிக்கொண்டு ஓடுவாள். அந்தக் கைக்கு நான் அனுமதித்த ஒரே வேலை அது.

"அப்பா, புடி."

"புடிச்சிட்டேனே."

"புடிக்கல. புடி."

"புடிச்சிட்டுத்தான இருக்கேன் பாப்பா."

நான் மீன் நாறும் கையோடு எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை திறந்தே கிடந்தது. குழந்தையின் விரல் அதன் நடுவில் இருந்தது. அவர் குழந்தையைச் சீண்டவில்லை. பிடித்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ரெண்டு கையையும் தூக்குங்க."

"ஏம்மா, அந்தக் கையப் போயி தூக்கச் சொல்ற?" என்றார் அண்ணி. "ஊசி குத்துன எடம், ரத்தம் வந்துடப் போவுது."

அண்ணி சொன்னது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு கணம் எனக்கும் தயக்கம் வந்தது. களைப்பாக இருக்கலாம், மரத்துப்போயிருக்கலாம், கட்டு இறுக்கமாக இருக்கலாம். கட்டுக்கு மேலே விரலை வைத்தேன். உள்ளே ரத்தம் எப்போதும்போல இரைந்து ஓடியது.

"தூக்குங்க."

வலது கை உயர்ந்தது. இடது கை தலையணையிலேயே கிடந்தது.

"தூக்கிட்டேன், போதுமா?" என்றார்.

அண்ணி குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடிப்படி வளைவில் நின்று தெருவைப் பார்த்து ஆட்டோவுக்குக் கத்தினார்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா அந்தக் கை நல்லா இருந்ததை எப்பப் பாத்தீங்க?"

அடைப்பாக இருந்தால் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள்தான் போட முடியும் என்றார். நான் யோசித்தேன். மதியம் டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆட்டோவில் கையை மடியில் வைத்திருந்தார். படியேறும்போது வலது கையால் கம்பியைப் பிடித்தார். சட்டை, கஞ்சி, தலையணை எல்லாமே என் கைகள். அந்தக் கை எதையாவது செய்து யாரும் பார்க்கவே இல்லை. அது எதையும் செய்யாமல் இருக்கத்தானே நான் காவல் காத்தேன்?

"வண்டு இருந்திச்சு" என்றேன். டாக்டர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, மூளையின் வலப் பக்கத்தில் அடைப்பு என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அடைத்தால் இடது கை விழும், சிலருக்கு அது விழுந்ததே தெரியாது என்றார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாது. போதாததற்கு, டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். ஊசியைப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்று போடவில்லை. மாத்திரை கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக் கவனித்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று அவர்கள் சொன்ன பிறகும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

எங்கள் டாக்டர் வந்தபோது, அந்த நம்பர் இதைத்தான் சொன்னதா என்று கேட்டேன். "அப்பிடிச் சொல்ல முடியாதும்மா. இதே நம்பரோட நல்லா நடமாடுறவங்க என்கிட்டயே இருக்காங்க" என்றார். அதில் எனக்கு ஆறுதலும் இல்லை, கோபப்பட இடமும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சட்டம் தலைகீழானது. பிசியோதெரபி செய்ய வந்த பெண், அந்தக் கையைத் தூக்கு, நீட்டு, மடக்கு என்றார். கனம் தூக்காமல் அசைக்கலாம், அசைக்கத்தான் வேண்டும் என்றார். முதல் சில நாள் அந்தப் பெண் கையைத் தொட்டபோதெல்லாம் நான் "மெதுவா, மெதுவா" என்று குறுக்கே போனேன். "நீங்க கொஞ்சம் சமையல் வேலையப் பாருங்கக்கா" என்று அனுப்பிவிட்டார்.

என் கணவர்தான் மாறிப்போனார். தன் கையைப் பற்றித் தன்னுடைய சொல்லையே அவர் நம்பவில்லை. மகள் விரலை வைத்ததும், அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்பார்: "புடிச்சிருக்கேனா பாப்பா?"

"இல்ல."

அவள் வயதுக்கு இரக்கப்பட்டுப் பொய் சொல்லத் தெரியாது. நான் அடுப்படியில் நின்று அந்த "இல்ல"வைத் தினமும் கேட்டேன். தைப்பொங்கல் போய், மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகும் கேட்டேன்.

அப்புறம் ஒரு காலை, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. என்னவோ ஏதோவென்று கரண்டியோடு ஓடி வந்தேன். மகள் காலை ஊன்றி, முகத்தைச் சுளித்து, விரலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"விடுப்பா" என்றாள்.