மதினியின் ஷட்டில்

சென்னைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. இந்த ஊரில் கோயில் குளத்தை விட எனக்குப் பழைய சாமான் சந்தைகள்தான் பழக்கம். ஞாயிறு காலையில் நடைபாதையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டால் வெயில் தெரியாது. முள் இல்லாத கடிகாரம், மூடி இல்லாத கூஜா என்று வாங்கிவந்து வீட்டில் திட்டு வாங்குவேன். திருந்துகிற உத்தேசம் இல்லை.

போன மாதம் சொந்த ஊரான பாலவனத்தத்திலிருந்து அண்ணன் மனைவி வந்திருந்தார். மதினி சும்மா வரவில்லை. முந்தானை முடிச்சில் உடைந்த ஷட்டில் ஒன்று இருந்தது. விரல் நீளத்தில் படகு மாதிரி ஒரு இரும்புத் துண்டு. பழைய தையல் மிஷினுக்குள் அடிநூலைச் சுமந்துகொண்டு ஓடுவது அதுதான். அதன் மூக்கு உடைந்துவிட்டது. அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும், "இந்த மாடல்லாம் இப்ப வர்றதில்லக்கா" என்று கையை விரித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு மதினி கூலிக்குத் தைத்துக் காசு சேர்த்து, தானே வாங்கிய மிஷின் அது. அண்ணனோ லோன் போட்டு மோட்டார் மிஷின் எடுத்துத் தருவதாகச் சொல்லி, இதை எடைக்குப் போட ஆள் வரச்சொல்லிவிட்டார். அந்த எடைக்காரர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது.

"அவுக நெனச்சா நெனச்சதுதான். ஷட்டிலோட போனாத்தான் என் மிஷினு தப்பிக்கும்" என்றார் மதினி.

ஞாயிறு காலை முழுக்க அலைந்தோம். ஒவ்வொரு கடைக்காரரிடமும் மதினி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். ஒருவர் கதவுத் தாழ்ப்பாளை எடுத்து நீட்டினார். இன்னொருவர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து அரை மணி நேரம் கிளறிவிட்டு, பழைய சாவிக்கொத்து வேண்டுமா என்று கேட்டார். மதினியின் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் ஏசியில் இருந்துவிட்டுப் போகலாம் என்று, பக்கத்து மண்டபத்தில் நடந்த டிசைன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

நடைபாதையில் 'பழசு' என்றால் விலை குறையும். இங்கே கூடும். மூன்றாவது கடையில் தையல் மிஷினின் இரும்புக் கால்கள் மேல் கண்ணாடி வைத்து மேசையாக்கியிருந்தார்கள். மிதிகட்டையில் ஷூ காலை வைத்துக்கொண்டு ஒரு பெண் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

மதினி நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார். எங்கள் பக்கம் செருப்புக் காலோடு யாரும் மிஷின் மிதிக்க மாட்டார்கள். பின்னால் வந்த தம்பதி, இங்கே இப்படித்தான் போல என்று தாங்களும் கழற்றினார்கள். பத்து நிமிடத்தில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி செருப்புக் குவிந்துவிட்டது. காபிப் பெண்ணும் அவசரமாக ஷூவைக் கழற்றினாள். கடை நடத்திய இளம்பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

அப்போதுதான் மதினி அந்தத் தட்டைப் பார்த்தார். தட்டு நிறைய ஷட்டில்கள். பாய்ந்து எடுத்தார். ஒவ்வொன்றின் மூக்கிலும் துளை போட்டு வளையம் மாட்டி, சாவிக்கொத்தாக்கியிருந்தார்கள். "ஓட்ட போட்டா நூலு அத்துப்போகுமே" என்று ஒன்றொன்றாகத் திரும்ப வைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மூலையில் ஒரு மேசை விளக்கு. முழு மிஷின் தலை, அதன்மேல் ஒரு பல்பு. மதினி அதன் அடித்தகட்டை நகர்த்தினார். உள்ளே பழுதில்லாத ஷட்டில். உடைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே அளவு.

"எடுத்துக்கங்க ஆன்ட்டி, காசெல்லாம் வேணாம். வெளிய தெரியவா போகுது?" என்றாள் கடைக்காரப் பெண்.

மதினி எடுக்கவில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஊசி இறங்கி ஏறியது. "ஏத்தா, இது ஓடுற மிஷினு. எண்ணெ விட்டாத் தைக்கும். இத எடுத்தா இது அவ்வளவுதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "மதினி, பல்பு எரியிறதுக்கு ஷட்டில் எதுக்கு?"

மதினி அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "தைக்கிறதுக்குன்னு யாராச்சும் கேட்டு வந்தாகளா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல ஆன்ட்டி."

"அப்பச் சரி." நல்ல ஷட்டிலை எடுத்துக்கொண்டு, தன்னுடைய உடைந்த ஷட்டிலை அந்த இடத்தில் வைத்து மூடினார். விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று இரவு ஊருக்கு பஸ் ஏறும்போது, "உங்கண்ணங்கிட்ட மூச்சு விட்டுராத. எடைக்காரரு வந்து நிக்கட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன். பின்னால் தடதடவென்று மிஷின் சத்தம். "ஏத்தா, எடைக்காரரு தராசோட வந்து நிக்காரு, இவ பாட்டுக்கு உக்காந்து தைக்க ஆரம்பிச்சிட்டா. அவர அனுப்பிவிட்டுட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தச்சுக்கிட்டே அழுகுறா. புது மிஷினு வாங்கித் தாரேன்னுதான சொன்னேன்?"

எனக்குக் கோபம் வந்தது. "ஒண்ணும் பேசாதீக அண்ணே. போயி ஒரு டீ போட்டுக் குடுங்க."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அண்ணன் டீ போட்டதில்லை. மிஷின் சத்தத்தோடு டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

"சீனி எங்கத்தா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.