கேள்வியில் இல்லாதது

ஆங்கிலப் பந்தியை வாசித்து விடை எழுதுவதற்கு என் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு வழி உண்டு. கேள்வியில் வரும் சொல்லைப் பந்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். கதை விளங்கவே தேவையில்லை. முழுப் புள்ளியும் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைய கதையில் ஒருவன் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறான். முழுப் புள்ளி எடுத்த, கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பெண்பிள்ளையிடம் கேட்டேன். "அவன் திரும்பி வருவானோ?"

"அது கேள்வியில இல்லையே மிஸ்."

உடனே கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டேன். கதைக்குப் பொருந்தும் படங்களைத் தாங்களே ஃபோனில் எடுத்து, அவற்றைக் காட்டிக் கதையைச் சொந்த ஆங்கிலத்தில் சொல்லி வீடியோவாக அனுப்பும்படி எல்லோரிடமும் சொன்னேன். படத்தில் பார்த்து எழுத வரி இருக்காதே.

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போகும்போது அவளுடைய வீடியோ வந்தது. காலி நகருக்குப் போகும் வீதியின் நெரிசலில் பஸ்ஸும் நகரவில்லை, வீடியோவும் ஓடவில்லை. பொறுக்க முடியாமல் திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

ஒருவழியாக ஓடிய வீடியோவின் கடைசிப் படத்தில், அவள் வீட்டுச் சுவரில் ஒரு சாவி தொங்கியது. பக்கத்து வீட்டாருடையதாம்; கனடாவுக்குப் போய்விட்டார்களாம். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவள் சொன்னாள்: "அவர்கள் வரமாட்டார்கள். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் போய் அந்த வீட்டைக் கூட்டிவிட்டு வருகிறார்."

அவன் திரும்பி வருவானோ என்று வகுப்பில் கேட்டபோது நானே தயாராக வைத்திருந்த விடையும், 'அதைக் கதை சொல்லவில்லை' என்பதுதான்.