தலையாட்டினால் சம்மதம்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இது என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள் மஞ்சூர்ப் பனிமூட்டத்தைப் பார்த்ததில்லை.

வருடம் 1975. கண்டிப் பக்கம் பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, கடைசியில் மஞ்சூருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வந்து விழுந்தோம், நானும் என் தம்பி அழகையாவும். "போகிறாயா?" என்று எங்களை எவனும் கேட்கவில்லை. இரண்டு நாட்டுச் சர்க்காரும் ஒப்பந்தம் போட்டார்கள், ஏற்றி அனுப்பினார்கள்.

எங்கள் மேஸ்திரி இராஜமாணிக்கம் கோயமுத்தூர்க்காரர். தம்பி அவரை இலங்கைப் பழக்கத்தில் "கங்காணி" என்றுதான் கூப்பிடுவான். நாங்களெல்லாம் மாறிவிட்டோம், அவன் மட்டும் மாறவில்லை. மேஸ்திரிக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது.

தை மாதம் ஃபேக்டரியில் ஒரு மூட்டைத் தேயிலைத் தூள் காணாமல் போனது. மேஸ்திரி தம்பியைப் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்கு இழுத்துப் போனார். உறைபனி நேரத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அடித்தார். குளிரில் அவன் தலை ஆடியது. "தலையாட்டிட்டான், ஒத்துக்கிட்டான்" என்று எல்லாரிடமும் சொன்னார். நெஞ்சில் சளி கட்டித் தம்பி செத்தான். திருடன் என்ற பேரோடு செத்தான். அந்தப் பேரைத் துடைக்க வேண்டும், அந்த ஆளும் துடிக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாசியில் புது மேனேஜர் வருகிறார் என்று பங்களாவைக் கூட்டிப் பெருக்க என்னை அனுப்பினார்கள். கதவைத் திறந்துவிட ஆபீஸ் கிளார்க் சில்வஸ்டர் கூட வந்தார். ஹாலில் ஆள் உயர வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. ஆட்டுத் தலை, கொம்புகளுக்கு நடுவில் தீப்பந்தம், நெற்றியில் நட்சத்திரம், பெண் மார்பு. ஒரு கை மேலே, ஒரு கை கீழே. துரை சீமைக்குப் போனபோது விட்டுப் போனது.

"இது என்னா சாமிங்க?" என்று கேட்டேன்.

"சாமி இல்லம்மா, பாஃபோமெட். நூறு வருசத்துக்கு முன்னால ஒரு பிரெஞ்சுக்காரன் வரைஞ்ச உருவம். ஆணும் பொண்ணும், மிருகமும் மனுசனும் ஒண்ணுதான்னு அர்த்தம். கை ரெண்டும், மேல இருக்கறதுதான் கீழயும்னு காட்டுது. இப்ப அமெரிக்காவுல சாத்தானக் கும்புடறவங்க இந்த ஆட்டுத் தலையத்தான் அடையாளமா வெச்சிருக்காங்க."

"பேரு?"

"அது ரொம்பப் பழசு. அறுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த நாட்டு ராஜா சில போர்வீரங்களப் புடிச்சு, பாஃபோமெட்னு ஒரு தலையக் கும்புட்டதா ஒத்துக்கச் சொல்லி வதைச்சான். வலி தாங்காம சில பேரு ஆமான்னாங்க. அப்புறம் பொய்னு சொன்னவங்கள எரிச்சுட்டான். அப்படி ஒரு தலைய யாரும் கண்டுபுடிக்கவே இல்ல."

சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்கு இறங்கிப் போனார்.

அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். வதை தாங்காமல் ஆமாம் என்றவர்கள் வாயில் பிறந்த தலை. இதன் முன்னால்தான் என் தம்பியும் தலையாட்டினான்.

மணி மூன்று. ஜன்னலெல்லாம் பனிமூட்டம் ஏறி வெள்ளையாகிவிட்டது.

கோயிலில் வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாத ஆட்டைத் தொடமாட்டோம். குழம்புக்கு வாங்கி மடியில் முடிந்திருந்த மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்தேன். சிலையின் தலையில் தெளித்தேன்.

"எந்தம்பிய அடிச்சத நீ பாத்த. நியாயம் கேப்பியா?"

ஒன்றும் நடக்கவில்லை.

சொட்டு... சொட்டு... தண்ணீர் வடிந்தது.

அப்புறம் அந்த வெண்கலத் தலை சிலுப்பியது.

என் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெறித்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம். மேஸ்திரி.

"ஏம்புள்ள, இன்னுமா கூட்டி முடியல?"

அவருக்குப் பின்னால், மரத்தரையில்...

டக்... டக்... டக்...

குளம்புச் சத்தம்.

"எவன்டா கழுத்துல தண்ணி ஊத்தறது?"

திரும்பினார். யாருமில்லை.

காலர் மஞ்சளாக நனைந்திருந்தது.

அவர் உடம்பு சிலிர்த்தது. தலை ஆடியது.

ஆடிக்கொண்டே இருந்தது...

அது நிற்கவே இல்லை. தூக்கத்திலும் மேலும் கீழும் ஆடியது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நரம்புக் கோளாறு என்றார்கள். நான் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களை அழைத்துப் போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"எந்தம்பி எடுக்கல தானே?"

தலையாட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே கூட்டத்தில் ஒருவன், "அழகையா தானே எடுத்தான்?" என்று கேட்டான். அதற்கும் தலையாட்டினார். "இந்தப் பொம்பள செய்வினை வச்சாளா?" அதற்கும் தலையாட்டினார்.

வதைத்து வாங்கிய தலையாட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழி தீர்ந்தது, பேர் தீரவில்லை. தம்பி செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

பங்குனியில் மேஸ்திரி செத்தார். காரியம் முடிந்ததும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் எங்கள் லயத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இவரு போன அன்னிக்கு வெடியால நான் அடுப்படில இருந்தனுங்க. ஊட்டுல வேற ஆருமில்லீங்க. உள்ள ஒரு பையன் கொரலு... 'கங்காணி, நா எடுத்தனா?'ன்னு கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பாத்தனுங்க. இவரு தலை நின்னு போச்சு. அப்பறம் பக்கவாட்டுல ஆடுச்சுங்க. இல்ல, இல்லன்னு... அதோட உசுரு போயிருச்சு. லயத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வர்றனுங்க."

போகத் திரும்பியவர் வாசலில் நின்றார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரர ஆருங்க கங்காணின்னு கூப்புடறது? கட்டிலடியில தரையெல்லாம் நனஞ்சு கெடந்துச்சு. தொடச்ச துணி எத்தன தடவ தொவச்சாலும் மஞ்சளாவே இருக்குதுங்க."