பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னேன்

ஓட்டுப் பட்டியல் எழுத வந்தவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "இருபத்தொண்ணு வயசு முடிஞ்சவங்க எத்தினி பேரு?" என்று கேட்டார். என் அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டு" என்றான். அவனும் அண்ணியும். உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த நான் முறத்தை வைத்துவிட்டு, "மூணு!" என்று கத்தினேன்.

வந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த என்னையும், சூம்பிப்போன என் கால்களையும் பார்த்துவிட்டு, "இவங்க எப்பிடி வருவாங்க?" என்று அண்ணனைத்தான் கேட்டார்.

"வர்றது என் பாடு. நீங்க எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார். அண்ணன் வேண்டுமென்று என்னை விட்டுவிடவில்லை, மறந்துதான் போயிருந்தான். வேண்டுமென்று விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் போன கால்கள் அவை. வீட்டுக்குள் கைகளை ஊன்றி நகர்ந்தே எல்லா வேலையும் செய்வேன். வெளியே போனால் அண்ணன் முதுகில் உப்புமூட்டை. தெருவில் ஒரு முழம்கூட என்னை நகர விடமாட்டான். "நாலு பேரு பாக்க நீ மண்ணுல நவுந்து போறதுக்கா நான் கீறேன்?" என்பான். அது பாசம்தான், சந்தேகமில்லை. வெட்கமும்தான். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. பட்டணத்துக்குப் போகும் படகுகளில் சவுக்குக் கட்டை ஏற்றுவது அண்ணனின் வேலை. சுதந்திரம் வந்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு, தான் சொல்லும் சின்னத்துக்குத்தான் எல்லோரும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சாயங்காலம் வந்து, "நம்ம வூட்ல மூணு ஓட்டு கீதுன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றான். பட்டியலுக்குக் கேட்டபோது இரண்டு பேர் இருந்த வீட்டில் முதலாளிக்கு மூன்று பேர் ஆகிவிட்டோம்!

"என் ஓட்ட நீ எப்பிடிண்ணா குடுப்ப?" என்றேன்.

"உன்ன யாரு தூக்கினு போறது?" என்றான். நியாயமான கேள்வி.

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு இரும்புப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். மேஜையில் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கோணிப் படுதா கட்டியிருப்பார்கள். உள்ளே தனியாகப் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும்.

அண்ணன் முதுகில் இருந்தபடியே விரலில் மை வைத்துக்கொண்டேன். சீட்டும் கைக்கு வந்தது. அண்ணன் படுதாப் பக்கம் திரும்பியதும் அதிகாரி கையைக் காட்டித் தடுத்தார். செங்கல்பட்டில் வாத்தியார் வேலை பார்ப்பவர்.

"நீங்க உள்ள போகக் கூடாது. முடியாதவங்களுக்கு நான்தான் போடணும், அதுதான் விதி. அம்மா, எந்தச் சின்னம்னு என் காதுல மட்டும் சொல்லுங்க. வெளியில போகாது."

நல்ல மனுஷர். சொல்லியிருந்தால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. நான் குளிக்க ஒருவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கொல்லைக்குப் போக ஒருவர் தூக்க வேண்டும். எனக்கு நடப்பது எதுவும் இன்னொருவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அங்கே ஊரே ஒவ்வொருவராகப் படுதாவுக்குள் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தது. என் அண்ணிகூடப் போய் வந்துவிட்டாள். யாருக்குப் போடுவது என்பதைவிட, யாருக்கும் தெரியாமல் போடுவதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

"பெட்டியக் கீழ எறக்கி வெச்சீங்கன்னா நானே போட்டுடுவேன் சார்" என்றேன்.

அங்கே உட்கார்ந்திருந்த அபேட்சகர்களின் ஏஜெண்டுகள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள். "பெட்டில கை வெக்கக் கூடாது சார்!" "இடங்குடுத்தா மடத்தப் புடுங்குது சார் இது!" வரிசையில் யாரோ, "நொண்டிக்கு இன்னா ரோஷம் பாரு" என்றான். எனக்கு முகம் எரிந்தது. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இறக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல" என்றார். அவரவர் பெட்டியை அந்தந்த ஏஜெண்டே தூக்கி, அதே வரிசையில் தரையில் வைக்கச் சொன்னார். கோணி தரைவரை எட்டவில்லை. வகுப்பிலிருந்த கரும்பலகையைக் கொண்டுவரச் செய்து இடைவெளியில் சாய்த்தார். அதில் பிள்ளைகள் போட்ட வகுத்தல் கணக்கு பாதியில் நின்றிருந்தது.

"வோணாம்மே" என்றான் அண்ணன், மெதுவாக. "ஊரே பாத்துகினு கீது. சார் கையில சொல்லிட்டு வந்துடு."

"எறக்குண்ணா."

இறக்கினான். ஊர் பார்க்க முதல் தடவையாகக் கைகளை ஊன்றி நகர்ந்தேன். கரும்பலகையைத் தாண்டிப் படுதாவுக்குள் போனேன்.

உள்ளே யாரும் இல்லை. என் முகத்துக்கு நேராகப் பெட்டிகள். வெளியே ஒருவர் இருமினார். நான் உடனே போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. பிறகு போட்டேன். எதில் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. அது சட்டசபைக்கு. பார்லிமெண்டுச் சீட்டுக்கு அடுத்த படுதாவில் இதே கூத்து இன்னொரு முறை நடந்தது. அந்தத் தடவை ஏஜெண்டுகள் வாயைத் திறக்காமல் பெட்டியை இறக்கினார்கள்.

திரும்பும்போது சவுக்குத் தோப்பு வழியாக வந்தோம். பாதி வழியில் அண்ணன் ஆரம்பித்தான்.

"எதுல போட்ட?"

"சொல்ல மாட்டேன்."

"மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மூணுன்னே சொல்லிக்கோ. நான் இல்லன்னா சொன்னேன்?"

"அப்ப அதுலதான் போட்டியா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா இங்கியே எறக்கி வுட்டுடுவேன்."

"வுடு."

இறக்கியே விட்டுவிட்டான். "இன்னாய்யா இது, நடுவழில!" என்று அண்ணி பதறினாள். அவன் விறுவிறுவென்று போய்த் திருப்பத்தில் நின்று பார்த்தான். கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர ஆரம்பித்தேன். சவுக்குக் காய்கள் உள்ளங்கையில் குத்தின. ஓட்டுப் போட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும், "போட்டாச்சாம்மா?" என்று கேட்டாள். விரலைக் காட்டினேன்.

திருப்பத்தில் அண்ணனைத் தாண்டிப் போனேன். நிற்கவில்லை. அவன் என் பின்னால் நடந்து வருவது மணலில் கேட்டது. வெகு நேரம் அப்படியே வந்தான். பிறகு முன்னால் வந்து நின்று, "தூக்கட்டா?" என்றான்.

மூன்று வயதிலிருந்து எத்தனையோ பேர் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, படகுக்காரர்கள், வைத்தியர் வீட்டு ஆட்கள். ஒருவரும் கேட்டுவிட்டுத் தூக்கியதில்லை.

"இப்ப வோணாம்ணா. கொஞ்ச நேரம் போவட்டும்" என்றேன்.

"சரி" என்று சொல்லி, அவனும் என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.