குஜிலியம்பாறை வழியில் ஒரு கஞ்சாப் பாத்தி

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போக எவ்வளவு நேரம் ஆகும், வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இப்போது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நயா பைசா வந்த புதிதில் இரண்டு மணி நேரம் ஆனது. பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு மார்கழி மாதம் நான் போனேன்.

போனதற்குக் காரணம் என் அக்கா வெள்ளையம்மாள். அவளுக்கு வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள், பார்த்ததும் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தையன்கோட்டையில் ஒரு நாட்டு வைத்தியர், கட்டியைக் கரைக்கத் தன்னால் முடியாது, வலி தெரியாமல் தூங்க லேகியம் கிண்டித் தருகிறேன் என்றார். அதற்குக் கஞ்சா வேண்டும். ஒரு காலத்தில் அரசாங்கமே ஏலம் விட்டுக் கடையில் விற்ற சரக்கு அது. மதுவிலக்கு வந்த பிறகு அரசாங்கமே தேடிப் பிடித்தது. ஆகவே அக்காவின் புருஷன் காளிமுத்து மச்சான் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகப் பயிர் செய்ய முடிவெடுத்தார். விதை ஒரு லாரி டிரைவர் மூலம் மலைப்பக்கத்திலிருந்து வந்தது.

காலை ஆறரை மணி பஸ். கட்டணம் பன்னிரண்டு அணா. கண்டக்டர் எழுபத்தைந்து பைசா என்றார். பக்கத்து சீட்டில் இருந்தவர், "நேத்து வரைக்கும் முக்கா ரூவாதானய்யா இருந்துச்சு, இன்னிக்கு எழுபத்தஞ்சா?" என்று சண்டைக்குப் போனார். எரியோடு வரை அந்தச் சண்டை நீடித்தது. ஜன்னல் வழியாகப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எரியோடு தாண்டினால் இரண்டு பக்கமும் வானம் பார்த்த பூமி. கிணறு இருக்கும் இடத்தில் மட்டும் புகையிலை. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி உப்புத் தண்ணீர். மனிதன் வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீர் புகையிலைக்கு அமிர்தம். இலைக்குக் காரம் ஏறும் என்பார்கள். இன்னொன்றையும் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். மார்கழியில் செடி உச்சியில் மொட்டு வைத்ததும் ஆட்கள் வரிசையாக நடந்து அதை ஒடித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். பூ விட்டால் இலைக்குச் சத்துப் போகாது. ஒடித்த பிறகு பக்கத்தில் துளிர்த்தால் அதையும் கிள்ளுவார்கள். மச்சான் விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வேலை செய்தவர்.

குஜிலியம்பாறைக்கு ஒரு மைல் முன்னால் இறங்கி, மேற்கே வண்டிப்பாதையில் நடந்தேன். அக்கா முன்அறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். கட்டிலில் பாதி இடம் மிச்சம் இருந்தது.

"வாடா. மல்லிப்பொடி திங்க வந்தியா?" என்றாள்.

மல்லிப்பொடி என்பது மருந்து. போலீசுக்குப் பயந்து மச்சான் இலையை உலர்த்தி, உரலில் இடித்து, மல்லிப்பொடி என்று சொல்லித்தான் வைத்தியருக்குக் கொடுத்தனுப்புவார். வைத்தியர் செடியைப் பார்த்ததே இல்லை. இரண்டு முறை லேகியம் வந்தது, அக்கா தின்றாள், வலி இருந்த இடத்திலேயே இருந்தது. பத்தியம் போதவில்லை என்றார் வைத்தியர். உப்பை நிறுத்தினார், புளியை நிறுத்தினார். இனி நிறுத்த அக்காவிடம் அதிகம் இல்லை.

"ஒரு வாய் புளிக்கொழம்பு குடுக்கச் சொல்லுடா உங்க மச்சான. சாகப் போறவளுக்கு என்ன பத்தியம்?"

"லேகியம் பிடிக்கட்டும் வெள்ளையம்மா. அப்புறம் மீன் கொழம்பே வைக்கிறேன்," என்றார் மச்சான்.

பிறகு தோட்டம் காட்ட என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். தொழுவத்துக்கும் முள்வேலிக்கும் நடுவில் ஒரு பாத்தி. இது மூன்றாவது முயற்சி. முதல் பாத்திக்குப் புகையிலைக்குப் பாய்ச்சும் உப்புத் தண்ணீரையே பாய்ச்சினார், கருகிவிட்டது. இரண்டாவதை, நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றி முழங்கால் உயரம் வளர்த்ததும், பக்கத்து வீட்டு ஆடு தின்றது. ஆடு இரண்டு நாள் படுத்துத் தூங்கியது. இந்த வைத்தியத்தில் அதுவரை குணம் கண்ட ஒரே உயிர் அதுதான். ஆட்டை மச்சான் கம்பால் அடித்துவிட்டார். ஆட்டுக்காரருக்கு அதில் மனவருத்தம்.

மூன்றாவது பாத்தி பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தது. செடிகள் புதர் மாதிரி அடர்ந்து நின்றன.

"ராத்திரியில அவ படுற பாட்டப் பாக்க முடியல மாப்ள," என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஒரு செடியின் உச்சியைக் கிள்ளி வேலிக்கு அந்தப்பக்கம் வீசினார். "கத்த மாட்டா. பல்லக் கடிப்பா. அந்தச் சத்தந்தான்..." இன்னொன்றைக் கிள்ளினார். "எம்புட்டுக் கிள்ளுனாலும் திரும்பத் திரும்பப் பூ வைக்குது, சனியன்."

நிறைய நூல்கள் படித்தவன் நான். இலை நன்றாகத் திரண்டிருக்கிறது என்று பாராட்டினேன்.

பதினோரு மணி வாக்கில் சைக்கிளில் ஏட்டு வந்தார். ஆட்டுக்காரர் மனவருத்தத்தை ஸ்டேஷனில் இறக்கி வைத்திருக்கிறார். மச்சான் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏட்டு நேராகப் பாத்திக்குப் போனார், ஒரு செடியை வளைத்துப் பார்த்தார், அடுத்ததை வளைத்தார், கடைசி வரை போய்த் திரும்பி வந்தார்.

"பூ எங்கய்யா?"

"கிள்ளிட்டேனுங்கய்யா."

"அம்புட்டையுமா?"

"வைக்க வைக்கக் கிள்ளிருவேனுங்கய்யா. இலை வலுக்கணும்ல."

ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்தார். "யோவ், சரக்கே பூவுலதானய்யா! இலைய வச்சு என்ன, தொவையலா அரைக்கப் போற? இதப் புடிச்சுட்டுப் போனா இன்ஸ்பெக்டர் கீரைக்கட்டா ஏட்டுன்னு என்னையல்ல கேப்பாரு!"

சட்டத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த ஸ்டேஷன் எல்லையில் ஏட்டு சொன்னதுதான் சட்டம். மச்சான் ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தார். ஆனால் அவர் முகம் தப்பித்தவர் முகம் மாதிரி இல்லை. வேலிக்கு அந்தப்பக்கம், மாதக்கணக்கில் வீசியெறிந்த மருந்து காய்ந்து கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏட்டு மோர் வாங்கிக் குடித்தார். "பூ வச்சா சொல்லியனுப்பு, வந்து புடிச்சுட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். மிரட்டலா, அவகாசமா என்று நாங்கள் கேட்கவில்லை.

அக்கா உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். நாங்கள் வந்ததும் சிரிக்கப் பார்த்தாள், வயிறு விடவில்லை.

"இந்த மனுசன் கையக் கட்டிப் போடுடா. அது பூக்குற வரைக்கும் நான் இருக்கேன்."

"இனிமே தொட மாட்டேன் வெள்ளையம்மா. ஒம்மேல சத்தியம்," என்றார் மச்சான்.

அன்று மத்தியானம் அவளுக்குப் புளிக்குழம்பு கொடுத்தோம். இரண்டு வாய் சாப்பிட்டாள். சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் நான் திரும்பினேன்.

தை மாதக் கடைசியில் தந்தி வந்தது. அதே பஸ், அதே முக்கால் ரூபாய். காரியமெல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் போனேன். வேலி ஓரம், முள்ளுக்குள் கை நுழையாத இடத்தில் ஒரே ஒரு செடி அடி முதல் நுனி வரை பூத்து, பிசுபிசுவென்று நின்றது. மற்றவை எல்லாம் மொட்டை.

மச்சான் என் பின்னால் வந்து நின்றார்.

"ஞாபகத்தோடதான் இருந்தேன் மாப்ள. தண்ணி ஊத்துறப்போ கைய மடக்கிக்கிட்டே நிப்பேன். ராத்திரி அவ பல்லக் கடிக்கிறப்போ உள்ள இருக்க முடியாம இங்க வந்து நின்னேன் பாரு, அப்பத்தான்..." என்றார்.

அந்த ஒரு செடியை அவரே பிடுங்கி எருக்குழியில் போட்டார். ஏட்டுக்குச் சொல்லியனுப்பவில்லை.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: காலை பஸ்ஸில் போங்கள், வெயில் ஏறிவிட்டால் எரியோட்டுக்கு அப்பால் நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஆடு வைத்திருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். யாராவது தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்லிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வந்தால், பேசி முடிக்கும் வரை அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.